அப்பா பாதியில நிறுத்தின படகு

அப்பா இறந்து முதல் ஒன்பது மாசம் நான் அந்த ஷெட்டுக்குள்ள முழுசா அஞ்சு நிமிஷம் கூட நின்னதில்ல. கதவைத் தொறப்பேன், கவுத்துப் போட்ட படகு ஆமை மாதிரி இருட்டுல கிடக்கும், மரவாசனை வரும், தொண்டை அடைக்கும், சாத்திட்டு வந்துடுவேன். இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா அந்த ஒன்பது மாசத்துலதான் ஷெட் கூரையில ஒரு தகடு நகர்ந்து, மழைத்தண்ணி நேரா படகோட பின்பக்கம் இறங்கிக்கிட்டு இருந்துச்சு, எனக்குத் தெரியல. யாராவது இதே நிலைமையில இருந்தீங்கன்னா, என்ன செய்றதுன்னு முடிவு பண்ண ஒரு வருஷம் ஆகட்டும் ரெண்டு வருஷம் ஆகட்டும், தப்பே இல்ல. ஆனா முதல் வாரமே போய் கூரை ஒழுகுதா, தரையில ஈரம் ஏறுதா, காத்து உள்ள வந்து போகுதான்னு மட்டும் பார்த்துடுங்க. ஒழுகினா ஒரு தார்பாய் கட்டுங்க, ஆனா படகு மேல ஒட்டிப் போத்தாதீங்க, அடியில ஈரம் கோத்துக்கும், ஒரு சாண் இடைவெளி விட்டு மேல கட்டுங்க.

படகைப் பத்தி சொல்லிடறேன். நாலரை மீட்டர் நீளம், துடுப்பும் போடலாம், சின்னப் பாய் கட்டியும் ஓட்டலாம், அப்படி ஒரு டிசைன். 6 மி.மீ. மரைன் பிளைவுட்ல, அதாவது படகுக்குன்னு செய்யற ஒட்டுப்பலகையில பலகை வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு ஓரம் ஏறின மாதிரி வச்சு எபாக்ஸி போட்டு ஒட்டுவாங்க, ரெசினும் அதை இறுக வைக்கற ஹார்டனரும் கலந்து செய்யற பசை அது. ஒரு பக்கத்துக்கு ஏழு பலகை. படகோட வடிவத்துக்கு வெட்டின அச்சுச் சட்டங்களை நீளமான ஒரு மரச்சட்டத்து மேல வரிசையா நிக்க வச்சு, அது மேல கவுத்தவாக்குல கட்டணும், முழுசா ஒட்டி முடிச்சப்புறம்தான் திருப்பிப் போடுவாங்க. அப்பா ரிட்டயர் ஆனப்புறம் ஆரம்பிச்சார். அவர் இறந்தப்ப ரெண்டு பக்கமும் நாலு நாலு பலகை ஒட்டியிருந்துச்சு, அஞ்சாவது இடது பக்கம் மட்டும். வலது பக்கத்து அஞ்சாவது பலகை வெட்டி, இழைச்சு, ரெடியா சுவத்துல சாய்ஞ்சு நின்னுச்சு.

அதைப் பார்த்தவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. பாவம், முடிக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார், பிள்ளைங்க நீங்கதான் முடிக்கணும்னு. என் தம்பியும் அதையேதான் சொன்னான், அவன் வேற ஊர்ல இருக்கான், வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், ஆனா போன்ல அழுதுகிட்டே "அக்கா அதை முடிச்சுத் தண்ணியில இறக்கலைன்னா அப்பா ஆத்மா சாந்தியாகாது"ன்னான். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையோடயேதான் ஒரு சனிக்கிழமை துணிஞ்சு ஷெட்டை சுத்தம் பண்ணப் போனேன், போய் ஒரு பெரிய தப்பு பண்ணேன்.

ஷெட்ல மூலையில ஒரு கட்டு சட்டம் கிடந்துச்சு, மெல்லிசு மெல்லிசா, ஒண்ணும் பிரயோஜனம் இல்லாத கழிவு மாதிரி. குப்பைன்னு நினைச்சு ஏழெட்டு சட்டத்தை எடுத்து விறகுக்குப் போட்டுட்டேன். அதுல ஒண்ணுல பூரா பென்சில் கோடு, பக்கத்துல நம்பர். அது ஒரு அளவுகோல் சட்டம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, ஒவ்வொரு அச்சுலயும் ஒவ்வொரு பலகை ஓரமும் எங்க வரணும்னு அப்பா அதுல குறிச்சு வச்சிருந்திருக்கார், வரைபடத்தை முழு அளவுல தரையில வரைஞ்சு அதுலருந்து எடுத்த குறிப்பு, பல நாள் உழைப்பு. அதனால சொல்றேன், படகு கட்டுற இடத்துல பென்சில் கோடு இருக்கற எந்தக் குச்சியும், அட்டையும், பேப்பரும் குப்பை இல்ல. முதல்ல எல்லாத்தையும் இருக்கற இடத்துலயே வச்சு போட்டோ எடுங்க, எது எங்க சாய்ஞ்சு நின்னுச்சு, எது கிளாம்புல (ஒட்டறப்ப இறுக்கிப் பிடிக்கற கருவி) மாட்டியிருந்துச்சுன்னு தெரியற மாதிரி. அப்புறம் ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு ஒட்டுங்க. அதுக்கப்புறம்தான் துடைப்பத்தையே கையில எடுக்கணும்.

சட்டம் போனதுல மனசு ரொம்ப உடைஞ்சு போச்சு. அன்னைக்குத்தான் அப்பாவோட நோட்டைத் தேடினேன், வேற எங்கயாவது அந்த அளவு எழுதியிருக்காரான்னு. நீல அட்டை போட்ட கணக்கு நோட்டு, பக்கம் பக்கமா தேதி, எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார், என்ன செஞ்சார், எவ்வளவு ரெசின் கலந்தார், அன்னைக்கு வெயிலா மழையா, எல்லாம். கூட்டிப் பார்த்தா 640 மணி நேரம். படிச்சுக்கிட்டே வந்தேன், கடைசி பக்கத்துக்கு வந்தப்ப தேதியைப் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். அப்பா இறந்ததுக்கு ரெண்டு வருஷம் நாலு மாசம் முன்னாடி தேதி அது. அப்பாவுக்கு உடம்பு முடியாம இருந்தது மொத்தமே கடைசி அஞ்சு வாரம்தான்.

கடைசி பக்கத்துல ரெண்டே வரி. "4ம் அச்சு வலதுபக்கம் 11 மி.மீ. வெளியே. 5வது பலகை ரெண்டு தடவை எடுத்தாச்சு."

ரெண்டு வருஷம் நாலு மாசமா அவர் அதுல கையே வைக்கல. ஆனா தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குப் போவார், ஒரு மணி நேரம் கழிச்சு வருவார், நாங்க எல்லாரும் படகு வேலை நடக்குதுன்னுதான் நினைச்சிருந்தோம். போன் பண்ணும்போது "படகு எப்படிப்பா போகுது"ன்னு கேப்பேன், "போயிட்டு இருக்கு"ம்பார். நானும் அதோட விட்டுடுவேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட நோட்டைக் காட்டினேன். அம்மா அதிர்ச்சியே ஆகல. "தெரியும்"னாங்க. "உள்ள போய் ஸ்டூல்ல உட்கார்ந்து ரேடியோ கேப்பாரு. ஒரு நாள் டீ எடுத்துட்டுப் போனேன், அந்தப் பலகையைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தாரு. என்னன்னு கேட்டேன், கணக்கு எங்கயோ தப்பிடுச்சு, இனிமே பிரிக்க முடியாது, பசங்ககிட்ட சொல்லாதேன்னாரு." நான் கேட்டேன் ஏம்மா எங்ககிட்ட இத்தனை மாசமா சொல்லலைன்னு. அதுக்கு அம்மா, "நீங்க ரெண்டு பேரும் அதை முடிக்கணுமா வேண்டாமான்னு உங்களுக்குள்ளதான் பேசிக்கிட்டீங்க, என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே"ன்னாங்க. உண்மைதான். ஷெட் அம்மாவோடது, படகுலயும் அவங்களுக்குப் பங்கு உண்டு, ஒன்பது மாசமா நானும் தம்பியும் அவங்களைக் கேக்காமலே பேசிக்கிட்டு இருந்திருக்கோம். உயில் இருக்கா, யார் பேருக்குப் போகுதுன்னு பார்க்கறது ஒரு பக்கம். கூடவே இருந்து பார்த்தவங்களுக்கு ஏதாவது தெரியும், அவங்களை உட்கார வச்சுக் கேளுங்க, அதுதான் முதல் வேலை.

அப்போதான் எனக்கு யோசனை மாறிச்சு. அதுவரைக்கும் சாவு வந்து நிறுத்தின வேலைன்னு நினைச்சிருந்தேன். அப்படி இருந்தா முடிக்கறது நம்ம கடமைன்னு தோணறது நியாயம். ஆனா இது அவரே நிறுத்தின வேலை, காரணத்தோட நிறுத்தினது, அந்தக் காரணம் இன்னும் படகுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு. அது என்னன்னு தெரியாம அஞ்சாவது பலகையை நான் எடுத்து ஒட்டியிருந்தா, அவர் ரெண்டு தடவை கழட்டினதை மூணாவது தடவை மாட்டியிருப்பேன்.

அதனால நூல் பிடிச்சுப் பார்த்தேன். அச்சுங்க நிக்கற சட்டத்தோட இந்த நுனியில இருந்து அந்த நுனிக்கு நடுவுல நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு ஒவ்வொரு அச்சோட நடுக்கோடும் நூலுக்கு நேரா வருதான்னு பார்க்கணும். ஒண்ணு, ரெண்டு, மூணு நேரா இருந்துச்சு. நாலாவதுல ரெண்டு கோடு இருந்துச்சு, ஒண்ணு நீல பென்சில், ஒண்ணு சிவப்பு. நூல் நீலக் கோட்டு மேல கனகச்சிதமா நின்னுச்சு, சிவப்பு அதுலருந்து 11 மி.மீ. தள்ளி. கீழே படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. அச்சை ரெண்டு பாதியா வெட்டி நடுவுல சேர்ப்பாங்க, சேர்ற இடம்தான் நடு. ரெண்டு பாதியையும் இணைக்கக் குறுக்கே ஒரு பட்டை அடிச்சிருப்பாங்க. நாலாவது அச்சுல மட்டும் அந்தக் குறுக்குப் பட்டை ஒரு பக்கம் 22 மி.மீ. கூட நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்பா அந்தப் பட்டையோட நீளத்தை அளந்து பாதி எடுத்து நீலக் கோடு போட்டுட்டார், 22ல பாதி 11. அவ்வளவுதான். ஒரே ஒரு அளவு, ஒரே ஒரு நாள் அசதி. சிவப்புக் கோடு அவர் தப்பைக் கண்டுபிடிச்சப்புறம் போட்டது. அது கொஞ்சம் அழுத்திப் போட்ட கோடு, பென்சில் முனை மரத்துல பள்ளம் விழுற அளவுக்கு.

ஏன் நாலு பலகை வரைக்கும் தெரியலைன்னா, அடிப்பக்கத்துப் பலகைங்க அகலமா தட்டையா போறதால கண்ணுக்கு மறைஞ்சிடும், படகோட வயிறு வளையற இடத்துல அஞ்சாவது பலகை வர்றப்பதான் வலது பக்கம் புடைப்பும் இடது பக்கம் குழிவும் தெரியும். ஒரு கண்ணை மூடி பலகை ஓரத்து ஓட்டத்தைப் பார்த்தா நல்லாவே தெரிஞ்சுது. அதனாலதான் பலகை ஏத்தறதுக்கு முன்னாடி வளையற ஒரு மெல்லிய சட்டத்தை எல்லா அச்சு மேலயும் ஓட விட்டு, எங்கயாவது தூக்குதா இறங்குதான்னு ரெண்டு பக்கமும் பார்க்கணும்னு சொல்வாங்க. யாராவது புதுசா கட்ட ஆரம்பிக்கறவங்க இதைப் படிச்சா, இந்த ஒரு வேலைக்கு ஒரு நாள் முழுசா ஒதுக்குங்க, அவசரப்படாதீங்க.

அப்புறம் எனக்குத் தெரிஞ்சவங்க மூலமா, பல வருஷமா மரப்படகு கட்டுற ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். நம்ம கண்ணுல பாசம் இருக்கும், அது தப்பைப் பெரிசாவும் காட்டும், இல்லாததாவும் காட்டும், அதனால சம்பந்தமே இல்லாத ஒருத்தர் பார்க்கணும். அவர் வந்து முதல்ல பேசவே இல்ல, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால பலகை பூரா தட்டிக்கிட்டே போனார். நல்ல இடத்துல டக் டக்னு சத்தம், பின்பக்கம் வந்ததும் பொத் பொத்னு ஆயிடுச்சு. ஊசி மாதிரி கூரான ஒரு கம்பியால அங்கங்க குத்தினார். ஈரம் அளக்கற மீட்டர் வச்சார். மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கற வரைக்கும் பூஞ்சை பிடிச்சு உளுத்துப் போறதுக்கு வாய்ப்பு கம்மி, எபாக்ஸி ஒட்டணும்னா 12 சதவீதம் பக்கமா இருக்கறது நல்லதுன்னு விளக்கினார். படகோட பின்பக்கத்தை மூடற பின்பலகையில 26 காட்டுச்சு. அது நான் கதவைச் சாத்திட்டு வந்த ஒன்பது மாசத்துக் கணக்கு.

11 மி.மீ. பத்தி நான் பயந்து பயந்து கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "தண்ணிக்கு அது தெரியாதும்மா, கட்டினவருக்குத்தான் தெரியும்"னார். அந்தக் கோணல் இருந்தாலும் படகு நல்லாவே மிதக்கும், துடுப்பு போட்டா வித்தியாசமே தெரியாது, பாய் கட்டினா ஒருவேளை ஒரு பக்கம் லேசா இழுக்கும், அவ்வளவுதான்னார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. ரெண்டு வருஷம் அப்பா ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தாரே, இந்த ஒரு வார்த்தையை யாராவது அவர்கிட்ட சொல்லியிருந்தா முடிச்சிருப்பார்னு தோணுச்சு.

ஆனா பெரியவர் அதோட நிறுத்தல. நாலாவது அஞ்சாவது பலகையைக் காட்டி "இது வேற பிளைவுட்"னார். முதல் மூணு ஜோடிக்கு எடுத்த ஷீட்டோட மிச்சத் துண்டு ஷெட்ல இருந்துச்சு, அதுல பிஎஸ் 1088னு முத்திரை, அது மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தர எண். அப்புறம் வாங்கின ஷீட்டோட துண்டுல முத்திரையே இல்ல. ரெண்டுலயும் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி நாள் பூரா தண்ணியில கொதிக்க வச்சு, காய வச்சு, மறுபடி கொதிக்க வச்சேன். முத்திரை இருந்தது அப்படியே இருந்துச்சு, மத்தது ஓரம் பிரிஞ்சு அடுக்கு அடுக்கா விரிஞ்சுடுச்சு. ஒரு விஷயம், கொதிக்க வச்சுப் பார்க்கறது பசையைத்தான் சோதிக்கும், உள்ள இருக்கற மரம் உளுத்துப் போகாத ஜாதியா, நடு அடுக்குல ஓட்டை இருக்கான்னு அது சொல்லாது. ஓட்டை இருக்கான்னு தெரியணும்னா வெட்டின ஓரத்தைத்தான் உத்துப் பார்க்கணும். முத்திரையையும் மட்டும் நம்பிட முடியாது, போலியும் உண்டு, முத்திரை இருந்தாலும் ஒரு துண்டைக் கொதிக்க வச்சுடுங்க.

ஆக நாலாவது ஜோடி, அஞ்சாவது, பின்பலகை, எல்லாம் போகணும். ஆனா எபாக்ஸில ஒட்டின பலகையைப் பிரிக்கறது சாதாரணம் இல்ல, சூடு காட்டினா 60, 70 டிகிரி தாண்டினப்புறம் பசை இளகும்தான், ஆனா மெல்லிய பிளைவுட்டோட மேல் அடுக்கும் அதோட சேர்ந்து உரிஞ்சு வரும். பின்பலகை போச்சுன்னா அதுல உட்கார்ந்திருக்கற எல்லாப் பலகை நுனியும் போச்சு. கடைசியில மிஞ்சறது கீலும் (படகோட அடியில நடுவுல நீளமா ஓடற முதுகெலும்பு மரம்) மூணு ஜோடி பலகையும், அதுவும் 11 மி.மீ. கோணலோட.

இருந்தாலும் நான் முடிக்கற பக்கமே சாய்ஞ்சுதான் இருந்தேன், கணக்கு போட்டுப் பார்க்கற வரைக்கும். பலகை ஏத்தறதை படகு கட்டறதுன்னு வெளியில இருந்து பார்க்கறவங்க நினைக்கறோம். திருப்பிப் போட்டப்புறம்தான் உள்வேலை, பக்கவாட்டு மேல்சட்டம், உட்கார்ற பலகை, நடுவுல இறக்கற பலகைக்கான பெட்டி, சுக்கான், பாய்மரம், பாய், கயிறு, உலோக பிட்டிங்ஸ், தேய்ச்சுத் தேய்ச்சு பெயிண்ட், எபாக்ஸி வெயில் பட்டா கெட்டுப்போகும் அதனால அது மேல கட்டாயம் வார்னிஷோ பெயிண்டோ. பெரியவர் கணக்குல இன்னும் குறைஞ்சது 600 மணி நேரம், கைப்பழக்கம் இருக்கறவங்களுக்கு. என்னால வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்க முடியும், அதுவும் கஷ்டப்பட்டு. 150 வாரம், கிட்டத்தட்ட மூணு வருஷம், எனக்குக் கைப்பழக்கமும் இல்ல. தம்பிகிட்ட நம்பரைச் சொன்னேன், "நீ எத்தனை மணி நேரம் தருவே"ன்னு மட்டும் கேட்டேன், கோவமா கேக்கல. அவன் ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு, "வருஷத்துக்கு ரெண்டு வாரம்"னான். முடிக்கணும்னு சொல்றவங்க எல்லார்கிட்டயும் மணி நேரத்துலதான் பதில் கேக்கணும்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

வேற வழியும் பார்த்தோம். காசு கொடுத்து முடிக்கச் சொல்லலாம்னு ரெண்டு பேரைக் கேட்டோம், அடுத்தவங்க ஒட்டின ஜாயிண்டுக்கு நாங்க பொறுப்பு ஏத்துக்க முடியாதுன்னுட்டாங்க, அது நியாயம்தான். விக்கலாம்னு சொல்லிப் பார்த்தோம், பாதிப் படகை வாங்கறவங்க கிளாம்ப் எவ்வளவு, அந்தத் தேக்குக் கட்டை எவ்வளவுன்னுதான் கேட்டாங்க. பாதியில நிக்கற படகுக்கு அதுல போட்ட மரத்தோட விலை கூடக் கிடைக்காது, இதை முன்னாடியே மனசுல வாங்கிக்கறது நல்லது, இல்லைன்னா ஒவ்வொரு விலையும் அப்பாவை அவமானப்படுத்தற மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. அப்படியே நினைவுச்சின்னமா வச்சுக்கலாம்னு தம்பி சொன்னதுக்கு அம்மா ஒத்துக்கல. "அவரை உறுத்தின பொருள், அது என் கண்ணு முன்னாடி நிக்க வேண்டாம்"னாங்க. அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

ஒரு வாரம் கழிச்சு ஒரு சின்னப் பொண்ணு போன் பண்ணாங்க, கிளாம்ப் விஷயமாத்தான். ஏற்கனவே ஒரு கயாக், அதாவது துடுப்பு போடற ஒல்லியான சின்னப் படகு கட்டியிருக்காங்க, அடுத்து பெரிசா ஒண்ணு கட்டணும்னு ஆசை. வந்து பார்த்தாங்க. படகைப் பார்க்கறதுக்கு முன்னாடி அச்சுங்களைத்தான் பார்த்தாங்க, ஒவ்வொரு அச்சா விரல் வச்சு ஓரத்தைத் தடவிப் பார்த்துட்டு, "இதை வெட்டினவர் அவசரமே பட்டதில்ல போலிருக்கு"ன்னாங்க. அம்மா வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த நிமிஷமே முடிவாயிடுச்சு, நாங்க யாரும் வாய் விட்டுச் சொல்லல.

படகை அறுத்துட்டு, அச்சுங்க, நிக்கற சட்டம், வரைபடம், கிளாம்ப், இழைப்புளி, முத்திரை போட்ட மிச்ச ஷீட், மிச்சம் இருந்த தேக்குக் கட்டை எல்லாம் அவங்களுக்குன்னு முடிவு. இதுல வரைபடம் ஒரு சிக்கல். பெரும்பாலும் படகு வரைபடம் விக்கறப்ப ஒரே ஒரு படகு கட்டத்தான் உரிமை தருவாங்க. அதனால டிசைனருக்கு நடந்ததை எல்லாம் எழுதினோம், படகு முடியவே இல்ல, அறுக்கப்போறோம், இன்னொருத்தர் பேருக்கு மாத்தலாமான்னு. மாத்திக்கலாம்னு அன்பா பதில் வந்துச்சு. அப்பாவோட நோட்டுல இருந்து மணி நேரக் கணக்கு, ரசீது எல்லாம் ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தோம். வீட்ல கட்டின படகைப் பதிவு பண்றப்ப யார் கட்டினது, என்ன பொருள்ல கட்டினதுன்னு பல நாட்டுல ஆதாரம் கேப்பாங்க. ஐரோப்பிய யூனியன்ல சொந்த உபயோகத்துக்குக் கட்டின படகுக்கு 2013/53 எண் சட்டத்துல விலக்கு உண்டு, ஆனா தண்ணியில இறக்கி 5 வருஷத்துக்குள்ள விக்கக் கூடாது. பாதிப் படகை முடிச்சு விக்கலாம்னு யாராவது நினைச்சா உங்க ஊர் சட்டத்தை முதல்லயே கேட்டுக்கோங்க.

ரசாயனம் பத்திக் கொஞ்சம். ஷெட்ல இருந்த எபாக்ஸி ரெசின் உறைஞ்ச தேன் மாதிரி வெள்ளையா கட்டியா இருந்துச்சு, கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். கெடல, டப்பாவை வெந்நீர்ல வச்சா தெளிஞ்சிடும். ஹார்டனர் கருஞ்சிவப்பா மாறியிருந்துச்சு, அதுவும் பெரும்பாலும் வேலை செய்யும், ஆனா படகுல போடறதுக்கு முன்னாடி கொஞ்சமா கலந்து மறுநாள் நகத்தால அழுத்திப் பார்க்கணும். சோதிக்கறப்ப கப்புல நிறைய கலந்து வச்சுடாதீங்க, தானா சூடேறிப் புகைய ஆரம்பிச்சிடும், தட்டையான பாத்திரத்துல மெலிசா ஊத்துங்க. பாலியஸ்டர் ரெசின் இருந்தா அதோட வர்ற பெராக்சைடு பாட்டிலைத் தனியா, நிழல்ல வைங்க, கண்ணுல பட்டா பார்வையே போகும். ஆளிவிதை எண்ணெய் துடைச்ச துணி சுருட்டிக் கிடந்தா தானா தீப்பிடிக்கும், தண்ணியில நனைச்சு மூடி போட்ட உலோக டப்பாவுல போடுங்க. இதெல்லாம் சாக்கடையில ஊத்தக் கூடாது, அபாயக் கழிவு வாங்கற இடத்துல கொடுக்கணும்.

அறுத்த அன்னைக்குத் தம்பி வந்திருந்தான். முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கிட்டோம், எபாக்ஸி தூசி ஒரு தடவை ஒத்துக்காம போனா ஆயுசுக்கும் அலர்ஜி. அறுக்கறதுக்கு முன்னாடி அச்சை எல்லாம் உள்ள இருந்து கழட்டணும், நான்தான் உள்ள நுழைஞ்சேன். அதுவரைக்கும் படகோட உள்பக்கத்தை நான் பார்த்ததே இல்ல. பலகையும் பலகையும் சேர்ற இடத்துல பிதுங்கின பசையை அப்பா குச்சியால இழுத்து வழிச்சு விட்டிருந்தார். கீல் பக்கத்து முதல் பலகையில அது கட்டி கட்டியா, அங்கங்க விரல் பட்ட தடத்தோட. ரெண்டாவதுல கொஞ்சம் சீர். மூணாவதுல நேரா. நாலாவதுல, அந்தப் பிரிஞ்சு போற பிளைவுட்ல, ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் ஒரே இழுப்புல இழுத்த மாதிரி, கை வச்சா கண்ணாடி மாதிரி வழுக்கிச்சு. தம்பியைக் கூப்பிட்டேன், அவனும் உள்ள வந்து மல்லாக்கப் படுத்தான். ரெண்டு பேரும் டார்ச்சை வச்சுக்கிட்டு முதல் பலகையில இருந்து நாலாவது வரைக்கும், மறுபடி நாலாவதுல இருந்து முதல் வரைக்கும் தடவிப் பார்த்துக்கிட்டே கிடந்தோம். வெளிய அம்மா "என்னடா சத்தத்தைக் காணோம்"னு கேட்டாங்க. தம்பி அம்மாவையும் குனிஞ்சு உள்ள பார்க்கச் சொன்னான். அம்மா கையை மட்டும் உள்ள நீட்டி நாலாவது பலகையைத் தொட்டாங்க, ரொம்ப நேரம் கையை எடுக்கல.

அறுக்க ஒரு பகல்தான் ஆச்சு. 640 மணி நேர வேலை. அதைச் சொல்லாம விட எனக்கு மனசு வரல. தம்பி நாலாவது பலகை மூணாவது மேல ஏறின இடத்துல ஒரு சாண் துண்டு எடுத்துக்கிட்டான். நான் நோட்டை எடுத்துக்கிட்டேன். அம்மா ரேடியோவை வீட்டுக்குள்ள கொண்டு போனாங்க.

அந்தப் பொண்ணு போன மாசம் போன் பண்ணாங்க, அச்சுங்களை நிக்க வைக்க ஆரம்பிச்சிருக்காங்க.

"அக்கா, நாலாவது அச்சுல ரெண்டு நடுக்கோடு இருக்கு, நீலம் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. எதுக்கு நூல் பிடிக்கறது?"

"சிவப்பு"ன்னேன்.

"உறுதியா?"

"உறுதியாம்மா. எங்கப்பா ரெண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்த கோடு அது."